அவரைக்கொடி சுற்றும் பக்கம்

கோச்சடை
தாது வருடம் ஐப்பசி மாதம் 12

அன்பு மகள் செல்லத்தாய்க்கு உன் ஐயா ஆசி கூறி எழுதுவது. முத்தையா சாமி துணையால் இங்கே நானும் உன் ஆத்தாளும் வெற்றிலைக் கொடிக்காலும் சுகம். ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாளும் என் பேத்தி முத்துத்தாயும் சுகமாக இருப்பதாக, உன் அடுத்த கடிதம் வரும் வரைக்கும் நானே நம்பிக்கொண்டு இருப்பேன். உன் கடிதம் புரட்டாசி ஐந்தாம் தேதி கைக்கு வந்தது, பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நாலு பக்கம் எழுதியிருந்தாய். ரயிலடி வீடு மாறியது ஒரு பக்கம், அங்கே பெய்யும் மழை ஒரு பக்கம், இங்கிருந்து விதை கொண்டுபோய் நட்ட அவரை காய்க்கவில்லை என்ற குறை ஒரு பக்கத்துக்கு மேல். எல்லாம் எழுதி முடித்துத் தாளில் இடமில்லாமல், ஓரத்தில் குறுக்காக நாலு வரி. முத்துத்தாய் எதற்கும் இடது கையையே நீட்டுகிறாள், மாமியார் அத்தை சொன்னபடி அந்தக் கையைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன், பத்து நாளாயிற்று, முன்னைப் போலப் பேச்சு இல்லை, ஆனால் பழகிவிடும், நீங்கள் எனக்குச் செய்ததைத்தானே நானும் செய்கிறேன் என்று. அந்த நாலு வரிக்குத்தான் இந்தக் கடிதம். எனக்கு நேராகச் சொல்ல வராது, தோட்டத்து வழியாகச் சுற்றித்தான் வருவேன், உனக்கே தெரியும். அதனால் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்காதே. இந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பிள்ளையின் கையை அவிழ்த்துவிட்டு, பிறகு வந்து மிச்சத்தைப் படி.

அவிழ்த்துவிட்டாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் அவரைக்கு வருவோம். நீ சமையல்கட்டுத் தண்ணீர் போய் விழுகிற இடத்தில், சுவர் நிழலில் நட்டிருக்கிறாய் என்று உன் எழுத்திலிருந்தே தெரிகிறது. உட்கார்ந்த இடத்துக்குத் தண்ணீர் தேடி வந்தால் கொடிக்கு இலை விடுவதில்தான் புத்தி போகும், காய்க்க வேண்டும் என்ற நினைப்பே வராது. கிழக்கு வெயில் விழும் இடமாகப் பார்த்து வேறு விதை ஊன்று, மழை இல்லாத நாளில் நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் காட்டு, போதும். இங்கே மேற்கு ஓரத்து வரிசை வெற்றிலையை நீ மறந்திருக்க மாட்டாய். நடுவில் நிழலில் இருப்பதும் ஓரத்தில் வெயிலில் இருப்பதும் ஒரே தாய்க்கொடியில் வெட்டி நட்டதுதான். நடுவில் இருப்பது உள்ளங்கை அகலத்துக்கு மெத்தென்று படர்ந்து நிற்கிறது. ஓரத்தில் இருப்பது சிறுத்துத் தடித்து, வாயில் போட்டால் காது வரைக்கும் உறைக்கிறது. வாங்க வருகிறவர்கள் இது வேறு ஜாதியா என்று கேட்கிறார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன், விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் வெற்றிலை வாடிப்போகும்.

ஆடிக் காற்றில் தெற்கு வரிசையில் வெற்றிலை ஏற நட்டிருந்த ஓர் அகத்தி வேரோடு பாதி பெயர்ந்து வரப்பில் படுத்துவிட்டது. இன்றைக்கு வெட்டலாம், நாளைக்கு வெட்டலாம் என்று சோம்பலில் விட்டுவிட்டேன். இருபது நாள் கழித்துப் பார்த்தால் மரம் படுத்தபடி கிடக்க, நுனி மட்டும் முழங்கையை மடக்கியது மாதிரி வளைந்து நேரே வானத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கண் உண்டா, மேல் எது கீழ் எது என்று யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். வாய்க்கால் தூர் வாரும்போது இன்னொன்று பார்த்தேன். ஓர் அகத்தி வேர் சுற்றிலும் இருக்கும் காய்ந்த மண்ணை எல்லாம் விட்டுவிட்டுப் பன்னிரண்டு முழம் ஒரே போக்காக ஓடி, கரையில் தண்ணீர் கசிகிற இடத்தில் போய்க் கொத்தாக விரிந்திருந்தது. மண்வெட்டியை அந்த இடத்தில் போட மனசு வரவில்லை, கொஞ்சம் சுற்றி வாரினேன். இந்த வருடம் வைகையிலும் தண்ணீர் நன்றாகவே போகிறது.

இப்போதெல்லாம் பொழுது சாய்கிற நேரத்தில் வேலை இல்லாவிட்டாலும் கொடிக்காலுக்குள் போய் நின்றுகொள்கிறேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால் பாதத்தில் ஈரம் ஏறும். வெளிச்சம் மேலே அகத்தியில் வடிந்து கீழே வரும்போது பச்சையாக, குளத்துக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால் தெரியுமே, அப்படி இருக்கும். அந்த நேரத்தில்தான் அகத்தி இலைகள் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு மடங்கும். ஒரு மரம் மடங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பக்கத்து மரம் மடங்கி முடித்திருக்கும். எப்போது மடங்கியது என்று என்னால் ஒரு நாளும் பிடிக்க முடிந்ததில்லை. செடிகொடி நின்ற இடத்தில் நிற்கிறது என்று நாம் சொல்வது நமக்குப் பொறுமை இல்லாததால்தான் என்று தோன்றுகிறது. அவை நடந்துகொண்டேதான் இருக்கின்றன. வெளிச்சத்தைப் பார்த்து நடக்கின்றன, தண்ணீரைப் பார்த்து நடக்கின்றன, நாம் ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பீர்க்கங்கொடியின் சுருள் பக்கத்துக் குச்சியைத் தொட்டுப் பார்த்துக் கொஞ்சம் வளைந்திருக்கும். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து உன் ஆத்தா கிணற்றடியிலிருந்து, மரத்துக்கெல்லாம் தாலாட்டுப் பாடி முடிச்சாச்சா, சோறு ஆறுது என்று கூப்பிடுவாள். அந்த நேரத்தில் உன் வீட்டுப் பக்கம் பொழுது போய் விளக்கே ஏற்றியிருப்பீர்கள், இங்கே மடங்கிய இலைக்கு முன்பே அங்கே உன் அவரை அடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வருவேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கொடிக்காலின் தென்மேற்கில், கன்னிமூலையில் நாம் கும்பிடும் கல் இருக்கிறதே, அதன் மேல் அவரைப்பூ தொங்கினால் அழகாக இருக்கும் என்று உன் ஆத்தாளுக்கு இந்த வருடம் ஓர் ஆசை. ஆடிப்பெருக்கு கழித்துக் கல்லைச் சுற்றி நாலு விதை ஊன்றி நாலு கம்பு நட்டேன். ஆவணி முடியும்போது கொடி ஏற ஆரம்பித்தது. சாமி பக்கத்தில் இருப்பதால் தினம் பார்க்கிறேன், பார்த்தால் நாலு கொடியும் கம்பைத் தப்பான பக்கமாகச் சுற்றுகின்றன. நாம் கோயிலை வலம் வருவோமே, அதற்கு நேர் எதிராக, இடமாக வருகின்றன. நாற்பது வருடம் மண்ணில் கிடந்தவன், வருடா வருடம் கிணற்று வேலியில் அவரை போட்டவன், அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது வெட்கம்தான். வேலியில் எப்படியும் போகட்டும், சாமியிடத்தில் இடமாகச் சுற்றலாமா என்று எனக்கு ஆகவில்லை. நாலையும் மெல்லப் பிரித்து வலமாகச் சுற்றிவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் நாலும் கழன்று தொங்குகின்றன. மறுபடி சுற்றினேன். மறுபடி கழன்றன. இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓரத்தில் நீ எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரவாயில்லை, பிள்ளையைச் சரியாக வளர்க்கிறாள், நம் வீட்டுப் பழக்கத்தை மறக்கவில்லை என்று நினைத்துக் கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வாழைநாரை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு கன்னிமூலைக்குப் போனேன். இன்றைக்குக் கட்டியே போட்டுவிடுவது, எப்படிக் கழன்று வருகிறது பார்க்கலாம் என்று வைராக்கியம். நாலையும் வலமாகச் சுற்றிக் கம்போடு சேர்த்துக் கட்டினேன். பக்கத்துக் கொடிக்கால் ஜலால் வரப்பில் போகிறவர் நின்று பார்த்தார், உனக்குத்தான் தெரியுமே, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். என்ன அண்ணே, அவரைக்கு விலங்கு மாட்டுறீங்க என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணே, வெளிச்சம் எந்தப் பக்கம்னு காட்டுனா அது அந்தப் பக்கம் சாயும், கம்பை எங்க நட்டாலும் தேடிப்போய் ஏறும், நீங்க சொல்ற அம்புட்டையும் கேக்கும், ஆனா சுத்துற பக்கம் மட்டும் அது பொறக்கும்போதே கொண்டுவந்தது, அதை நீங்களும் மாத்த முடியாது நானும் மாத்த முடியாது என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கென்ன, அவர் சாமி கல்லில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு கொடியின் நுனி கட்டுக்கு மேலே முறுக்கிக்கொண்டு முறிந்து கிடந்தது. இரண்டு கொடிகள் எப்படியோ நழுவிப் போய்த் தம் பக்கமாகவே ஏறிவிட்டன. நாலாவது மட்டும் கட்டிய இடத்திலேயே அடங்கி நின்றது. சாகவில்லை, வளரவும் இல்லை, இலை வெளுத்துப்போய் இருந்தது. கட்டு இறுகிவிட்டதோ என்று குனிந்து முடிச்சைத் தடவிப் பார்த்தேன். இறுகவில்லை. கொடிக்கால் முடிச்சு எப்படிப் போடுவோம், தண்டு பருக்க இடம் வேண்டும் என்று ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விட்டுத்தானே போடுவோம், அப்படித்தான் இருந்தது. என் விரல் அந்த முடிச்சுக்குள் நுழைந்து நின்றபோதுதான் செல்லத்தாய், எனக்கு உன் மணிக்கட்டு ஞாபகம் வந்தது.

உன் சின்னத்தாய் அத்தையின் பரிசத்தன்று உனக்கு ஐந்து வயது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தாம்பூலத்தை நான்தான் கொடுப்பேன் என்று அடம் பிடித்து, தட்டிலிருந்து வெற்றிலையை இடது கையால் எடுத்து இடது கையாலேயே அவர்கள் பெரியவரிடம் நீட்டினாய். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். நீ நீட்டியபடியே சிரித்துக்கொண்டு நின்றாய். கூட்டத்தில் ஒருத்தர், கொடிக்கால்காரன் மகளுக்கே வெத்தலை குடுக்கத் தெரியலையே என்றார். கல்யாணம் நின்றுவிடவில்லை, அவர்கள் அதை மறந்தும் போனார்கள். எனக்குத்தான் மானம் போய்விட்டது. மறுநாள் காலையில் வாழைநாரை நனைத்து உன் இடது மணிக்கட்டைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டினேன். தையில் கட்டியது, ஆடி வரைக்கும் ஏழு மாதம். விரல் நுழைய இடம் விட்டுத்தான் கட்டினேன், அதனால் பிள்ளைக்கு வலிக்காது, நான் ஒரு தவறும் செய்யவில்லை என்று இத்தனை வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறேன். சித்திரையில் உனக்குப் பேச்சு திக்க ஆரம்பித்தது. ஆத்தா என்று கூப்பிட வாயைத் திறந்து முதல் எழுத்திலேயே நின்றுபோவாய், கழுத்து நரம்பு புடைக்கும். யாரோ கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டோம், மந்திரித்தோம், கயிறு கட்டினோம். கட்டிய கட்டுக்கு மேலே இன்னொரு கட்டு. திக்கு போவதற்குள் உனக்குப் பதினொன்று பன்னிரண்டு வயது ஆகிவிட்டது, அதற்குள் நீ பேசுவதையே குறைத்துக்கொண்டாய். ஊரில் எல்லாரும் அடக்கமான பிள்ளை என்றார்கள், நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டேன். நீங்கள் எனக்குச் செய்ததைத்தானே என்று நீ எழுதியிருக்கிறாய். அந்த வரியைக் கன்னிமூலையில் உட்கார்ந்து மறுபடி எடுத்துப் படித்தேன். முன்னைப் போலப் பேச்சு இல்லை என்று அதற்கு முந்தின வரியில் நீ எழுதியிருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

வீட்டுக்கு வந்து உன் ஆத்தாளிடம் சொன்னேன். சொல்வதற்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு, நீங்க காலையில கட்டிட்டுக் கொடிக்காலுக்குப் போவீங்க, நீங்க வரப்பத் தாண்டுனதும் நான் அவுத்து விடுவேன், வாறதுக்குள்ள மறுபடி கட்டிருவேன், உங்க முடிச்ச மாதிரியே போடப் பழகிக்கிட்டேன் என்றாள். ஏழு மாதமும் அப்படியா என்றேன். உங்க ஆத்தா நம்ம வீட்டுல வந்து இருக்குற நாள்ல அவுக்க முடியலை, அந்த நாள்லதான் பிள்ளைக்கு ரொம்பத் திக்கும் என்றாள். அவிழ்த்துவிட்ட நேரத்தில் நீ கிணற்றடி ஈர மணலில் இடது கை விரலால் கொடி கொடியாக வரைவாயாம், நான் வருகிற சத்தம் கேட்டால் நீயே அழித்துவிட்டுக் கையை இடுப்பில் வைத்துக் காட்டுவாயாம் கட்டச் சொல்லி. இது எனக்குப் பத்தொன்பது வருடம் கழித்துத் தெரிகிறது. என் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். இருந்துச்சு, இப்ப வயசாயிருச்சு என்றாள்.

அன்று சாயங்காலமே நாலாவது கொடியின் கட்டை அறுத்துவிட்டேன். அறுத்தவுடன் துள்ளி ஏறிவிடும் என்று நான் நினைத்தது என் பேராசை. அந்த நுனி பிறகு எழும்பவே இல்லை. ஆனால் ஒன்பதாம் நாள் கட்டு இருந்த இடத்துக்குக் கீழே, கணுவிலிருந்து சின்னதாக ஒரு பக்கக்கிளை வந்தது. வந்த நாலு நாளும் அது காற்றில் வெறுமனே வட்டம் போட்டுக்கொண்டு எதையோ தேடியது. நான் கம்பை ஓர் அங்குலம் நகர்த்திக் கிட்டே வைத்ததோடு சரி, தொடவில்லை. இப்போது அது தன் பக்கமாகவே சுற்றிக்கொண்டு என் முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கிறது, மற்ற இரண்டும் பூத்து முடிக்கும்போது இது பூக்கத் தொடங்கும். சாமி கல் அப்படியே இருக்கிறது, தன்னை எந்தப் பக்கமாகச் சுற்றினால் என்ன என்று கேட்கவும் இல்லை.

சம்பந்தியம்மாள் பெரியவர்கள், அவர்களிடம் முகம் முறித்துப் பேசாதே. எங்கள் ஐயா இப்படி எழுதியிருக்கிறார், என்னைக் கட்டி வைத்ததில் எனக்குப் பேச்சு திக்கிப்போனது என்று நடந்ததைச் சொல். மாப்பிள்ளைக்கு நான் தனியாக ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கிறேன். சாப்பிடுவதற்கு வலது கை என்பதைப் பிள்ளைக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள், வந்தால் வரட்டும். எழுதுவது, வரைவது, பூத் தொடுப்பது எல்லாம் அவள் கை போகிற பக்கம் போகட்டும். தாம்பூலம் கொடுக்கும் இடத்தில் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுக்கப் பழக்கிவிடு. இரண்டு கையாலும் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெரியவருக்கும் வாய் வராது. இந்தச் சின்ன யோசனை அன்றைக்கே எனக்கு வந்திருக்கலாம். மழையில் நனையாதே, கொதித்து ஆறிய தண்ணீர் குடி, பிள்ளைக்கு உச்சியில் எண்ணெய் வை. அம்மாச்சி கேட்டதாக முத்துத்தாயிடம் சொல், அவள் பேசுகிறதை எல்லாம் நடுவில் நிறுத்தாமல் கேள். எங்கள் இருவரின் ஆசியும் உங்கள் எல்லாருக்கும் எப்போதும் உண்டு, நான் இரண்டு கையையும் தூக்கித்தான் சொல்கிறேன்.

பதில் எழுதும்போது ஒரே ஒரு வரியை இடது கையால் எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது, என்னைத் திட்டியே எழுது. கோணலாக வந்தால் வேறு தாள் எடுக்காதே, அப்படியே அனுப்பு, மறந்துவிடாதே. கீழே உள்ள பெயரைப் பார்த்து ஐயாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயப்படவும் வேண்டாம். கடிதம் முழுதும் வழக்கமான கையால் எழுதிவிட்டு, பெயரை மட்டும் இடது கையால் போட்டுப் பார்த்தேன். மொத்தம் ஐந்து எழுத்து. மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற உன் ஆத்தா ஏதோ கேட்டாள், எனக்கு வாயிலிருந்து பதில் வரவில்லை. உனக்கு அப்போது வயது ஐந்து.

இப்படிக்கு
உன் ஐயா
சிவனாண்டி